பழைய ஒலிப்பதிவுகளை மீட்கும்போது ஈக்வலைசர்: எங்கே அனலாக், எங்கே டிஜிட்டல்

பழைய இசைத்தட்டையோ டேப்பையோ கணினிக்கு மாற்றிச் சுத்தம் செய்ய உட்காரும் எவருக்கும் சீக்கிரமே ஒரு கேள்வி வரும். ஈக்வலைசர் (ஒலியின் வெவ்வேறு அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பது) வேலையைக் கையால் திருகும் கருவியில் செய்வதா, மென்பொருளில் செய்வதா? இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 'எது இனிமையாக இருக்கிறது' என்பதிலேயே சுற்றுகிறது. ஒலி மீட்பில் அதற்கு முன்பு தீர்க்க வேண்டியது வேறொன்று: எந்த வேலையை, எந்த வரிசையில் செய்வது?

ஈக்வலைசர் இங்கே இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, பதிவு செய்தவர்கள் வேண்டுமென்றே செய்த மாற்றத்தைத் திருப்பி நேராக்குவது. இதற்குச் சரியான விடை என்று ஒன்று உண்டு. மற்றொன்று, தேய்மானம், அந்தக் கால மைக், மைக்குக்கு முன் ஒலியைப் பிடித்த கூம்புக்குழாய், மோசமான நகல் ஆகியவற்றால் வந்த குறைகளைக் காதால் கேட்டு ஈடுகட்டுவது. இதற்கு விடை இல்லை, ரசனையும் பொறுப்பும்தான் உண்டு. இரண்டையும் ஒரே திருகில் ஒரே நேரத்தில் செய்யப் போவதால்தான் நிறைய மீட்புகள் கெடுகின்றன.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டின் ஊசியும் டேப்பைப் படிக்கும் ஹெட்டும் பரப்பைத் தொடும் இடத்தில் எல்லாமே அனலாக். அங்கே முழுக் கவனம் வேண்டும். அதன்பின் ஒலியைத் தொடாமல் டிஜிட்டலுக்குக் கொண்டுவந்து, திருத்தங்களை அங்கே செய்யுங்கள். அனலாக் ஈக்வலைசர் கருவியின் குணம் பிடித்திருந்தால், கேட்பதற்கான நகலில் மட்டும், கடைசியில் பயன்படுத்துங்கள். டேப்புக்கு இதில் ஒரு விலக்கு உண்டு. அதைப் பின்னால் பார்க்கலாம்.

படி 1: ஈக்வலைசரைத் தொடும் முன்

அழுக்குத் தட்டில் கேட்கும் மந்தமான ஒலியை எந்தக் கருவியாலும் தெளிவாக்க முடியாது. தட்டைக் கழுவுங்கள். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் ஷெல்லாக் (பிசின்) தட்டுகளில் ஆல்கஹால் கலந்த திரவம் படவே கூடாது, ஷெல்லாக் அதில் கரையும்.

அடுத்தது ஊசியின் அளவு. ஸ்டீரியோ எல்பி (நெடுநேரம் ஓடும் வினைல்) தட்டுக்கு ஏறத்தாழ 18 மைக்ரான், மோனோ எல்பிக்கு 25 மைக்ரான், 78 தட்டுக்கு 75 மைக்ரான் அளவில் முனை வேண்டும். எல்பி ஊசியை 78 தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் உராய்ந்து இரைச்சலைத்தான் அள்ளிக்கொண்டு வரும். பழைய தட்டுகளில் பள்ளத்தின் சுவர் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் தேய்ந்திருக்கும். ஆகவே சற்றே பெரிய அல்லது சிறிய ஊசி தேயாத இடத்தில் உட்கார்ந்தால், பத்து ஈக்வலைசர் செய்ய முடியாததை அது செய்துவிடும். இரண்டு மூன்று அளவுகளில் முயன்று பார்ப்பது வீண் வேலை அல்ல.

வேகமும் இங்கேயே தீர வேண்டும். '78' என்று பொதுவாகச் சொன்னாலும் ஆரம்பகாலத் தட்டுகள் அந்த எண்ணைப் பெரிதாக மதிக்கவில்லை. நிமிடத்துக்கு எழுபது சொச்சம் சுழற்சி முதல் எண்பதைத் தாண்டியும் வேகங்கள் இருந்திருக்கின்றன. வேகம் தவறினால் சுருதி மட்டும் மாறுவதில்லை, குரலின் நிறமும் மாறும். அந்த நிறத்தை ஈக்வலைசரால் திருத்தப் போனால் தவறின் மேல் தவறு ஏறும்.

படி 2: தட்டில் எந்த வளைவு பொறிக்கப்பட்டிருக்கிறது

தட்டு வெட்டும்போது பாஸ் ஒலியை அப்படியே விட்டால் பள்ளம் அகலமாக ஆடி, பக்கத்துப் பள்ளத்தில் மோதும். அதனால் ஒரு அதிர்வெண்ணுக்குக் கீழே பாஸைக் குறைத்து வெட்டினார்கள். அந்த எல்லைக்கு டர்ன்ஓவர் என்று பெயர். மேல்பக்கம் டிரெபிளைக் கூட்டி வெட்டினார்கள். இசைக்கும்போது அதைக் குறைத்தால் தட்டின் இரைச்சலும் சேர்ந்து குறையும். திருப்பிக் குறைக்கும் இந்த அளவை ரோல்-ஆஃப் என்கிறோம். இந்தக் கூட்டல் குறைத்தல் முழுவதையும் சேர்த்துத்தான் வளைவு என்கிறோம்.

1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் அறிவித்த ஆர்ஐஏஏ வளைவு படிப்படியாகப் பொதுவானது. அதன் மூன்று நேர மாறிலிகள் 3180, 318, 75 மைக்ரோவினாடி. அதிர்வெண்ணில் சொன்னால் ஏறத்தாழ 50, 500, 2122 ஹெர்ட்ஸ். 1 கிலோஹெர்ட்ஸை ஆதாரமாக வைத்தால், இசைக்கும்போது 20 ஹெர்ட்ஸில் 19 டெசிபெல்லுக்கு மேல் கூட்டி, 10 கிலோஹெர்ட்ஸில் 13.7 டெசிபெல் குறைக்கிறது.

அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் வெட்டியது. கொலம்பியா எல்பி வளைவில் டர்ன்ஓவர் 500 ஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸில் குறைப்பு 16 டெசிபெல். 1951-இன் ஏஇஎஸ் (ஒலிப்பொறியியல் சங்கம்) வளைவில் டர்ன்ஓவர் 400 ஹெர்ட்ஸ், குறைப்பு 12 டெசிபெல். மின்முறைப் பதிவு தொடங்கிய 1925-க்குப் பிந்தைய பல 78 தட்டுகளில் டர்ன்ஓவர் 250-இலிருந்து 500 ஹெர்ட்ஸுக்குள் எங்காவது இருக்கும், டிரெபிள் கூட்டலே இருக்காது. அதற்கும் முந்தைய கூம்புக்குழாய்ப் பதிவுகளில் மின்சுற்றே இல்லை, ஆகவே திருப்பி எடுக்க வளைவும் இல்லை.

டிரெபிள் கூட்டாமல் வெட்டிய 78 தட்டை இன்றைய சாதாரண ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) வழியாக இசைத்தால் என்ன ஆகும்? ப்ரீஆம்ப் ஆர்ஐஏஏ என்று நினைத்து 5 கிலோஹெர்ட்ஸில் 8 டெசிபெல் வெட்டிவிடும். பாடகரின் மெய்யெழுத்துகள் மழுங்கும். 'பழைய தட்டு, இப்படித்தான் இருக்கும்' என்று நாம் ஏற்றுக்கொள்கிறோம். அந்த மழுக்கம் பழமையால் வந்ததல்ல, தவறான வளைவால் வந்தது.

வளைவு தெரியாதபோது ஆண் குரலை வைத்துத் தேடுங்கள். 300 ஹெர்ட்ஸ் டர்ன்ஓவரில் தொடங்குங்கள். நெஞ்சுக்குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் உப்பினால் டர்ன்ஓவர் அதிகம். மெலிந்து தகரம்போல் ஒலித்தால் குறைவு. 250-க்கும் 500-க்கும் இடையே ஆழமான பாஸில் 6 டெசிபெல் வித்தியாசம் வரும், காது இதைத் தவறவிடாது. ரோல்-ஆஃபுக்கு 'ச', 'ஸ' ஒலிகளைக் கேளுங்கள்.

படி 3: ஃபிளாட்டாக உள்ளே எடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதானால் இதைக் கடைப்பிடியுங்கள். வளைவு எதுவும் போடாத, எல்லா அதிர்வெண்ணையும் சமமாகப் பெருக்கும் ப்ரீஆம்ப் வழியாகத் தட்டைப் பதிவு செய்யுங்கள். கேட்டால் பாஸ் இல்லாமல், கூர்மையாக, விரும்பத்தகாததாக இருக்கும். பரவாயில்லை. இது கேட்பதற்கான கோப்பு அல்ல.

காரணம் எளிது. வளைவைத் தவறாகத் தேர்ந்திருந்தால் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், தட்டை மறுபடி இசைக்க வேண்டியதில்லை. நொறுங்கும் நிலையிலுள்ள தட்டுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்காமலே போகலாம். வேகத்திலும் இது கைகொடுக்கும். 78 தட்டை 45 வேகத்தில் இசைத்துக் கணினியில் வேகமாக்குகிறீர்கள் என்றால், இசைக்கும்போது 500 ஹெர்ட்ஸ் டர்ன்ஓவர் 288 ஹெர்ட்ஸாக இறங்கிவிடும். அனலாக் ப்ரீஆம்புக்கு அது தெரியாது. ஃபிளாட்டாக எடுத்து, வேகத்தைச் சரிசெய்து, பிறகு வளைவு போட்டால் சிக்கலே இல்லை.

'20 டெசிபெல் பாஸை டிஜிட்டலில் கூட்டினால் இரைச்சலும் ஏறுமே' என்பது இதற்கு வழக்கமாக வரும் எதிர்ப்பு. 16 பிட் காலத்தில் அதில் நியாயம் இருந்தது. அனலாக்கை டிஜிட்டலாக்கும் இன்றைய நல்ல 24 பிட் மாற்றியின் இரைச்சல் தளம் தட்டின் இரைச்சலை விட வெகு ஆழத்தில் கிடக்கிறது. பாஸைக் கூட்டியபின் நமக்குக் கேட்பது தட்டின், டர்ன்டேபிளின் உறுமல்தான். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 96,000 மாதிரிகள்) எடுங்கள். உலக ஒலி ஆவணக் காப்பகங்கள் கைக்கொள்ளும் அளவும் இதுவே.

அளவை மட்டும் பேராசையோடு ஏற்றாதீர்கள். ஃபிளாட் பதிவில் கீறலால் வரும் கிளிக் சத்தங்கள் இசையை விடப் பல மடங்கு உயரமாக எகிறும். இசையின் உச்சம் முழு அளவுக்கு 12 முதல் 18 டெசிபெல் கீழே நிற்கட்டும்.

மோனோ தட்டானாலும் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (ஊசி பொருந்தும் பகுதி) இரண்டு தடங்களாக எடுங்கள். பள்ளத்தின் இரண்டு சுவர்களில் ஒன்று மட்டும் அடிபட்டிருந்தால் நல்லதைத் தேர்ந்துகொள்ளலாம். இரண்டையும் கூட்டினால் மேல்கீழ் அசைவால் வரும் இரைச்சல் கழிந்துபோகும். எடிசன் தட்டுகளைப்போல மேல்கீழாக வெட்டியவற்றில் ஒரு தடத்தைத் தலைகீழாக்கிக் கூட்ட வேண்டும்.

படி 4: முதலில் கிளிக், பிறகு வளைவு

அனலாக் ப்ரீஆம்பிலேயே வளைவு போட்டு எடுப்பவர்கள் இழப்பது இந்தப் படியைத்தான். ஃபிளாட் பதிவில் ஒரு கீறல் என்பது சில மாதிரிகளே நீளும் கூரிய முள். மென்பொருள் அதை எளிதில் அடையாளம் கண்டு, அந்தச் சிறு இடைவெளியை மட்டும் இட்டு நிரப்பும். அதே கீறல் ஆர்ஐஏஏ வளைவுக்குள் போய்வந்தால் கூர்மை மழுங்கி, பின்னால் வால் முளைக்கிறது. 3180 மைக்ரோவினாடி மாறிலியே 96 கிலோஹெர்ட்ஸில் 305 மாதிரிகள். கிளிக்கின் தலையை வெட்டிவிட்டாலும் 'டொப்' என்ற அடி மிஞ்சி நிற்பது இதனால்தான்.

ஆகவே ஃபிளாட் கோப்பின் நகலில் கிளிக் நீக்கத்தை முடியுங்கள். பெரிய வெடிப்புகளைக் கையால் ஒவ்வொன்றாக, சிறியவற்றைத் தானியங்கியாக. நீக்கப்பட்டதை மட்டும் தனியே கேட்கும் வசதி பெரும்பாலான மென்பொருளில் உண்டு. அதில் தாளக் கருவியின் அடியோ ஊதுகருவியின் சாயலோ கேட்டால் அதிகம் வெட்டுகிறீர்கள்.

படி 5: வளைவை டிஜிட்டலில் போடுங்கள்

இந்த வேலையில் டிஜிட்டலுக்கு நிகராக அனலாக் வர முடியாது என்பது என் உறுதியான கருத்து. அனலாக் சுற்றில் ஒரு கெப்பாசிட்டர் 5 சதவீதம் பிசகினால் டர்ன்ஓவரும் ஏறத்தாழ அவ்வளவு நகரும். இடமும் வலமும் வேறுவேறாக நகர்ந்தால் ஸ்டீரியோ படிமம் தளும்பும். டிஜிட்டலில் 318 மைக்ரோவினாடி என்றால் இன்றும் என்றும் 318 தான்.

ஆனால் டிஜிட்டலுக்கும் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, குறைந்த மாதிரி வீதம். சாதாரண டிஜிட்டல் வடிகட்டிகளின் வளைவு, மாதிரி வீதத்தின் பாதியை நெருங்கும்போது நெரிந்துபோகும். 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் 16 கிலோஹெர்ட்ஸில் போடும் மணி வடிவத் திருத்தம் (ஓர் அதிர்வெண்ணைச் சுற்றி மட்டும் கூட்டுவது அல்லது குறைப்பது) அனலாக்கில் வருவதைவிட ஒடுங்கிச் சாயும். பழைய டிஜிட்டல் ஈக்வலைசர்களின் டிரெபிள் கரடுமுரடாக இருப்பதாக வந்த புகாருக்கு இதுவும் ஒரு காரணம். 96 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்தால் நெரிசல் கேட்கும் எல்லைக்கு வெளியே போய்விடும்.

இரண்டாவது, லீனியர் ஃபேஸ் என்ற தேர்வு. ஃபேஸ் என்பது ஒலியின் அதிர்வெண்கள் ஒன்றுக்கொன்று வந்துசேரும் நேர ஒழுங்கு. பெயர் கவர்ச்சியானது, 'ஃபேஸைக் கெடுக்காது' என்று கேட்டால் யாருக்கும் பிடிக்கும். ஆனால் தட்டு வெட்டிய சுற்று மினிமம் ஃபேஸ் வகை. அது ஃபேஸைத் திருப்பியிருக்கிறது, நாம் அதே அளவு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் நேராகும். லீனியர் ஃபேஸில் வளைவு போட்டால் அளவு சரியாகி, ஃபேஸ் கோணலாகவே நின்றுவிடும். போதாததற்கு, கூரிய திருத்தங்களில் அடிக்கு முன்னாலேயே மெல்லிய முன்னதிர்வு எழும். தோல்கருவியின் அடியிலும் மிஞ்சிய கிளிக்கிலும் இது தெரியும். வளைவுக்கு மினிமம் ஃபேஸ்தான்.

வளைவுக்கு முன்பாக 20 அல்லது 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு வெட்டு போட்டுவிடுங்கள், வளைந்த தட்டின் ஆட்டம் பாஸ் கூட்டலில் பெருகாமலிருக்க. கணக்கீடு 32 பிட் மிதவைப் புள்ளியில் நடக்கட்டும்.

ஏற்கெனவே ஆர்ஐஏஏ வழியாக எடுத்த கோப்புதான் கையில் இருக்கிறதா? கைவிட வேண்டாம். அதன்மேல் தலைகீழ் ஆர்ஐஏஏ போட்டு ஃபிளாட்டுக்குத் திரும்பி, சரியான வளைவைப் போடலாம். கிளிக்கின் கூர்மை முழுதாகத் திரும்பாது. ஒலிச் சமநிலை திரும்பும்.

டேப் என்றால்

இங்கே அனலாக்கின் பக்கம் நிற்கிறேன். டேப் இயந்திரத்தில் ஹெட்டின் இயல்பை ஈடுகட்டும் சுற்றும் தர வளைவும் பின்னிப் பிணைந்திருக்கின்றன. அதைச் சோதனை டேப் வைத்து அளந்து, இயந்திரத்திலேயே சரிசெய்வதுதான் நேர்வழி. நொடிக்கு 7.5, 15 அங்குல வேகங்களில் அமெரிக்க என்ஏபி தரத்துக்கு 3180, 50 மைக்ரோவினாடி. சர்வதேச ஐஇசி தரத்துக்கு 15 அங்குலத்தில் 35, 7.5 அங்குலத்தில் 70. கேசட்டில் சாதாரண வகைக்கு 120, குரோம் வகைக்கு 70.

குரோம் கேசட்டை 120-இல் இசைத்தால் மேல் அதிர்வெண்கள் 4.7 டெசிபெல் வரை தூக்கலாக வரும். டால்பி (டேப் இரைச்சலைக் குறைக்கும் முறை) இல்லாத பதிவானால் இதைப் பிறகு டிஜிட்டலில் துல்லியமாக இறக்கிவிடலாம். டால்பி இருந்தால் அப்படி விட முடியாது. அது வரும் அளவைப் பார்த்தே எவ்வளவு விரிப்பது என்று முடிவெடுக்கிறது. அளவு தவறினால் நொடிக்கு நொடி வேறு வேறு விதமாகத் தவறும், எந்த நிலையான ஈக்வலைசராலும் அதைப் பின்தொடர முடியாது. டால்பி நீக்கத்துக்கு முன் ரசனைக்காக எதையும் தொடாதீர்கள்.

ஹெட்டின் அசிமுத் கோணம் (டேப்புக்குச் செங்குத்தாக ஹெட் நிற்கும் சாய்வு) இதையெல்லாம் விட முக்கியம். கோணம் பிசகினால் டிரெபிள் கழிந்துபோகிறது. போனதை ஈக்வலைசர் கூட்டினால் டேப்பின் 'ஸ்ஸ்' மட்டுமே உயரும். ஒவ்வொரு டேப்புக்கும், சில நேரம் ஒவ்வொரு பக்கத்துக்கும், மோனோவில் கேட்டபடி திருகை மெதுவாக நகர்த்தி, டிரெபிள் உச்சமடையும் இடத்தில் நிறுத்துங்கள்.

படி 6: காதால் செய்யும் திருத்தம்

வளைவு சரியானபின் மிஞ்சுவதுதான் உண்மையான குறை. பல நேரம், மிஞ்சுவது நாம் பயந்ததைவிட மிகக் குறைவாகவே இருக்கும்.

மின்சார ஹம் (மின் இணைப்பிலிருந்து வரும் ரீங்காரம்) 50 அல்லது 60 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் உட்கார்ந்திருக்கும். இத்தனை ஒடுக்கமான வெட்டு டிஜிட்டலின் களம். மடங்குகளை எல்லாம் கண்மூடி வெட்ட வேண்டாம், கேட்பவற்றை மட்டும் வெட்டுங்கள். மிக ஒடுங்கிய வெட்டு தானே சற்று ரீங்கரிக்கும். ஹம் பதிவிலேயே கலந்திருந்து வேகமும் அலைந்தால் அது ஓரிடத்தில் நிற்காது. அப்போது முதலில் வேக அலைவைத் திருத்துங்கள்.

கூம்புக்குழாய்ப் பதிவுகளில் கூம்பின் ஒத்ததிர்வுகள் சில சுரங்களை மட்டும் திடீரெனக் கத்தவைக்கும். ஒடுங்கிய மணித் திருத்தத்தை 6 டெசிபெல் உயர்த்தி மெல்ல நகர்த்துங்கள். கத்தல் உச்சமாகும் இடத்தில் நிறுத்தி, 2 முதல் 4 டெசிபெல் இறக்குங்கள். பாடகர் அந்தச் சுரத்துக்கு வரும்போது மட்டும் இறக்கும் டைனமிக் ஈக்வலைசர் இன்னும் நல்லது. இரைச்சலுக்கும் அதே முறை பொருந்தும். மேலே எல்லாவற்றையும் நிரந்தரமாக வெட்டுவதைவிட, இசை அடங்கும்போது மட்டும் இறங்கும் வெட்டு குரலுக்கு மூச்சு விடுகிறது. கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும். இரைச்சலுக்கு அடியிலும் நம் காது இசையைத் தேடிப் பிடிக்கும், இசையோடு சேர்த்து வெட்டியதை எந்தக் காதும் தேட முடியாது.

ஒலிப்பொறியாளர்களிடையே ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: கேட்கும் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் பெருக்கினால் ஏறத்தாழ 4,00,000 வர வேண்டும். 20-ஐயும் 20,000-ஐயும் பெருக்கிப் பாருங்கள். பதிவில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இல்லையென்றால், கீழே 80 ஹெர்ட்ஸ் வரை போதும். அதற்குக் கீழும் பாஸை விட்டுவைத்தால் ஒலி மந்தமாகத் தெரியும், நாம் இல்லாத டிரெபிளைத் தேடித் திருகுவோம். பாஸை எல்லைக்குள் கொண்டுவந்தாலே டிரெபிள் திறந்ததுபோல் இருக்கும். விதியாக அல்ல, தொடக்கப் புள்ளியாக இதை நான் பெரிதும் நம்புகிறேன்.

படி 7: அனலாக் கருவிக்கு உரிய இடம்

1951-இல் வந்த பல்டெக் போன்ற அனலாக் ஈக்வலைசர்களை இன்றும் தேடுவது வெறும் ஏக்கம் அல்ல. காயிலும் கெப்பாசிட்டரிலும் ஒலியை வடிவமைத்து, குறைந்த அளவை வால்வு ஆம்ப்ளிஃபயர் தூக்குகிறது. ஒரே பாஸ் அதிர்வெண்ணில் கூட்டலையும் குறைத்தலையும் சேர்த்துத் திருப்பினால், இரண்டும் சரிக்குச் சரி கழியாமல், அடியில் கனமும் அதற்கு மேலே ஒரு சிறு பள்ளமும் கிடைக்கும். உப்பாத பாஸ் வேண்டிய பழைய பதிவுக்கு இது அழகாகப் பொருந்தும்.

வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் மெல்லிய ஹார்மோனிக்குகளை (மூல ஒலியின் மடங்குகளான மேல் ஒலிகள்) சேர்க்கும். 4 கிலோஹெர்ட்ஸோடு நின்றுபோன பதிவில் அதற்குமேல் கூட்ட ஒன்றுமில்லை. ஹார்மோனிக்குகள் அங்கே ஒரு மினுமினுப்பை உண்டாக்கும். அது மீட்டது அல்ல, புதிதாகச் சேர்த்தது. அதனால்தான் காப்பு நகலில் கூடாது, கேட்கும் நகலில் கூடும் என்கிறேன். கிளிக்கும் ஹம்மும் போனபிறகே அனுப்புங்கள், இல்லையென்றால் அவற்றிலிருந்தும் ஹார்மோனிக்குகள் முளைக்கும்.

வெளியே அனுப்பித் திரும்பப் பெறும்போது 1 கிலோஹெர்ட்ஸ் சோதனை ஒலியால் இரு தடங்களின் அளவையும் பொருத்துங்கள். திருகுகளின் நிலையைப் படம் எடுத்து வையுங்கள். அனலாக்கிடம் கற்க வேண்டிய இன்னொன்று, அதில் பார்க்க வரைபடம் இல்லை. மென்பொருள் ஈக்வலைசரான பிளக்-இன்னிலும் திரையை மறைத்துவிட்டுத் திருகிப் பாருங்கள், முடிவுகள் மாறும்.

படி 8: ஒப்பிடுவது

அரை டெசிபெல் உரக்க ஒலிப்பது 'நன்றாக' இருப்பதாகவே காதுக்குத் தோன்றும். அனலாக், டிஜிட்டல் இரண்டையும் ஒப்பிடும் முன் அளவைப் பொருத்துங்கள். எது எது என்று தெரியாதபடி மாற்றி மாற்றிக் கேளுங்கள். சந்தேகம் தீராவிட்டால் ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டுங்கள், மிஞ்சுவதே வித்தியாசம். ஒரே வளைவைப் போட்ட இரண்டு வழிகளில் மிஞ்சுவது பெரும்பாலும் மெல்லிய சீறலாகவே இருக்கும். மிஞ்சியதில் பாடலே கேட்டால் அளவோ, வளைவோ, நேரமோ பொருந்தவில்லை.

படி 9: சேமிப்பது

மூன்று கோப்புகள் வையுங்கள். தொடாத ஃபிளாட் பதிவு; கிளிக் நீக்கி வளைவு போட்டது; கேட்பதற்கான நகல். முதலிரண்டும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக இருக்கட்டும். கேட்கும் நகலை 16 பிட்டாக்கும்போது டிதர் (பிட் குறைப்பின் பிசிறை மறைக்கும் மெல்லிய இரைச்சல்) கடைசிப் படியாக ஒரே ஒரு முறை போடுங்கள். கூடவே ஒரு எளிய உரைக் கோப்பில் தட்டின் எண், ஊசியின் அளவு, சுழற்சி வேகம், டர்ன்ஓவர், ரோல்-ஆஃப், டேப்பானால் நேர மாறிலியும் டால்பி வகையும், பயன்படுத்திய ப்ரீஆம்பின் பெயர் ஆகியவற்றை எழுதி அதே அடைவில் போட்டுவிடுங்கள்.